லூயிஸ் தீவில் செம்மறிக்கு ரோமம் கத்தரிப்பது எப்படி

ஜூலை நெருங்கியதும் எங்கள் ஊரில் வேலிப் பக்கம் வருகிற ஆட்டைப் பிடித்து, விலாவில் ரோமத்தைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். எங்கள் ஊர் ஸ்காட்லாந்தின் மேற்கே, அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளின் வடகோடியில், லூயிஸ் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. என் கணவரின் குடும்பத்துக்கு இங்கே ஒரு கிராஃப்ட், அதாவது ஒரு சிறு விவசாய நிலம், உண்டு. நான் வாக்கப்பட்டு வந்து, மாமியாரிடம் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொண்டவள். வேலைக்காகவோ கல்யாணமாகியோ இந்தப் பக்கம் வந்து, நாலைந்து ஆட்டையும் வாங்கிவிட்டு, கோடை வந்ததும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்பளியை விற்றுக் காசு பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். எங்கள் பிளாக்ஃபேஸ் இன ஆட்டின் கம்பளி முரடு. தரைவிரிப்புக்கும் மெத்தைக்கும்தான் போகும். ஆள் வைத்துக் கத்தரித்தால் கூலிக்கே அந்தக் காசு பத்தாது. ஆட்டுக்கு வேண்டியிருக்கிறது, அதனால் கத்தரிக்கிறோம். ஈரமும் புழுக்கையும் ஒட்டிய ரோமத்தில் பச்சை ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் பொரித்து, புழு தோலைத் தின்ன ஆரம்பித்துவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ரோமம் கனத்த ஆடு மேட்டில் படுத்துப் புரண்டு மல்லாந்துவிட்டால் சில சமயம் தானாக எழவே முடியாது. வயிற்றில் காற்று அடைத்து மூச்சு முட்டும். அதற்குள் அண்டங்காக்கை வந்தால் கண்ணைத்தான் முதலில் கொத்தும். அதைப் பார்த்தவர்கள் யாரும் கத்தரிப்பைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

கிராஃப்ட் பற்றிக் கொஞ்சம்

கிராஃப்ட் என்பது சாலையிலிருந்து கடலை நோக்கி ஓடும் ஒடுக்கமான ஒரு துண்டு நிலம். பெரும்பாலும் குத்தகைதான், ஆனால் குத்தகைக்காரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. அந்த உரிமை 1886-ம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அதற்கு முன்பு, பெரிய செம்மறிப் பண்ணைகளுக்கு இடம் வேண்டும் என்று நில உடைமையாளர்கள் ஊர் ஊராகக் குடும்பங்களைக் காலி செய்தார்கள். அப்படிக் கரையோரத்துக்குத் தள்ளப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்று அதே செம்மறியை வைத்து இந்த மண்ணில் காலூன்றி நிற்கிறார்கள். எனக்கு இது சாதாரண விஷயமாகவே தோன்றியதில்லை.

சட்டம் உரிமை கொடுத்த கையோடு கடமையும் வைத்திருக்கிறது. கிராஃப்டிலோ அதிலிருந்து 32 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருக்க வேண்டும். நிலத்தைத் தரிசாகப் போடக் கூடாது. இதையெல்லாம் கிராஃப்டிங் கமிஷன் கவனிக்கிறது. துண்டு நிலம் மட்டும் ஆட்டுக்குப் போதாது. ஊருக்குப் பின்னால் ஹெதர் புதரும் சதுப்பும் பீட் மண்ணுமாக விரிந்து கிடக்கும் மேட்டு நிலம் ஊர்ப் பொது மேய்ச்சல். யார் எத்தனை ஆடு விடலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. மேய்ச்சல் குழுவின் கிளார்க்கிடம் கேட்டால் உங்கள் பங்கைச் சொல்வார். கிராஃப்ட் மட்டும் வீட்டுக்குச் சோறு போடாது. மீன் பண்ணை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, தறி என்று எல்லோருக்கும் வேறு வேலையும் இருக்கிறது.

ஆடுகள் பொதுவில் மேய்வதால் ஓட்டி வருவதும் கத்தரிப்பதும் பொதுவில்தான் நடக்கும். தனியாக ஒரு நாள் குறித்துக்கொண்டு நீங்கள் பாட்டுக்கு மேட்டில் நாயை விட்டால் ஊர் ஆடு அத்தனையும் கலைந்துவிடும். கிளார்க்கைக் கேட்டு, ஊர் குறிக்கும் நாளில் சேர்ந்துகொள்ளுங்கள். ஞாயிறு மட்டும் கணக்கிலேயே கிடையாது. இந்தத் தீவில் ஓய்வு நாளை இன்றும் மதிக்கிறார்கள். சனிக்கிழமை மழை வந்துவிட்டால் வேலை திங்களுக்குத்தான்.

நாள் பார்ப்பது

குளிர்கால முடிவில் ஆட்டின் ரோமம் வளராமல் நின்றுவிடும். புல் தழைத்து, வயிறு நிறையத் தின்ன ஆரம்பித்த பிறகு புது ரோமம் முளைத்து, பழையதைத் தோலிலிருந்து மேலே தூக்கும். இதை இங்கே 'ரைஸ்' என்பார்கள். ரோமத்தைப் பிரித்துப் பார்த்தால் தோலை ஒட்டி வெள்ளையாகப் புது ரோமமும், அதற்கு மேலே மஞ்சள் பிசுக்கோடு ஒரு கோடும் தெரியும். அந்த இடைவெளியில்தான் கத்தரி ஓட வேண்டும். புது ரோமம் விரற்கடை உயரமாவது வந்திருந்தால் கத்தரி வழுக்கிக்கொண்டு போகும். வராத ஆட்டில் ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரி சிக்கும், தோலும் கிழியும்.

குட்டி போடாத ஆடுகளுக்கும் ஒரு வயது ஆடுகளுக்கும் ஜூனிலேயே எழும்பிவிடும். பால் கொடுக்கும் தாய் ஆட்டுக்குத் தீனியெல்லாம் மடிக்குப் போய்விடுவதால் ஜூலை நடுவாகிவிடும். மெலிந்த ஆட்டுக்கு இன்னும் தாமதம். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். ரொம்பவும் தள்ளிப் போட்டாலும் கஷ்டம்: ரோமம் திரண்டு பாய் மாதிரி ஆகிவிடும், பாதி வேலிக்கம்பியில் தொங்கும்.

அடுத்தது வானிலை. ஆடு காய்ந்திருக்க வேண்டும். இதில் மட்டும் சமரசம் கிடையாது. ஈரக் கம்பளி சாக்கில் புழுங்கிப் பழுத்துப்போகும். முதுகைத் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது காற்றில் சீக்கிரம் உலர்ந்துவிடும், அடிவயிறு நனைந்தே இருக்கும். கையை வயிற்றுக்கடியில் விட்டுப் பாருங்கள். காற்று அடிக்கிற நாளாக இருந்தால் இரட்டை லாபம். ரோமமும் உலரும், மிட்ஜும் வராது. மிட்ஜ் என்பது கண்ணுக்குச் சட்டென்று தெரியாத கடிக்கும் பூச்சி. காற்று ஓய்ந்து மப்பாக இருக்கும் மாலையில், இரண்டு கையும் ஆட்டின் மேல் இருக்கும்போது, அது முகத்தில் மொய்த்தால் பொறுமை நிற்காது. தலைக்கு வலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டி வருவது

இந்த மாதங்களில் இரவு பத்தரைக்கும் வெளிச்சம் இருக்கும். அதனால் பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலமே மேட்டுக்குப் போய்விடுவோம். ஆட்கள் வரிசையாகப் பரவி நின்று, நாய்களை இருபுறமும் விட்டு, மெதுவாகக் கீழே இறக்குவோம். புதிதாக வருபவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சொன்ன இடத்தில் நில்லுங்கள். அடுத்தவர் நாய்க்குக் குரல் கொடுக்காதீர்கள். சதுப்பில் பளிச்சென்ற பச்சையாக இருக்கும் இடத்தில் கால் வைக்காதீர்கள், இடுப்பளவு இறங்கும்.

ஊர்க் கோடியில் கல் சுவர் எழுப்பிய பட்டி இருக்கும். 'ஃபாங்க்' என்று சொன்னால்தான் இங்கே புரியும். ராத்திரி முழுக்க ஆடுகள் அங்கே தீனி இல்லாமல் நிற்கட்டும். வயிறு நிறைந்த ஆட்டை மடக்கி உட்கார வைத்தால் அதற்கு மூச்சுத் திணறும், உதைக்கும், கத்தரிக்கும் இடமும் அசிங்கமாகும். காலையில் குட்டிகளைத் தனியே பிரித்துவிடுங்கள். அப்போது எழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது.

யாருடைய ஆடு எது என்பதைக் காது வெட்டு, கொம்பில் சுட்ட எழுத்து, முதுகுச் சாயம், மின்னணுக் காதுப் பட்டை என்று பல வழியில் பார்க்கலாம். முதுகுச் சாயம் ரோமத்தோடு போய்விடும் என்பதால் கத்தரித்த கையோடு மறுபடி போட வேண்டும். துவைத்தால் போகும் ஆட்டுச் சாயம்தான் வாங்க வேண்டும். வீட்டுக்கு அடிக்கும் பெயிண்ட் பட்டால் அந்தக் கம்பளி வீண்.

கத்தரி

எங்கள் ஊரில் மின்சார மெஷினோடு வரும் ஆட்கள் உண்டு. ஜெனரேட்டரை டிரெய்லரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். ஓர் ஆட்டை ஓரிரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஆடு நிறைய இருந்தால் அவர்களைக் கூப்பிடுங்கள். பத்துக்குள் இருந்தால் கைக்கத்தரி போதும் என்பேன். சத்தம் இல்லை, சூடாகாது, தோலை ஒட்டி மழிக்காது. இங்கே ஜூலையிலும் பகலில் 15, 16 டிகிரிதான்; மழையும் காற்றும் எப்போது வேண்டுமானாலும் வரும். கைக்கத்தரி விட்டுவைக்கும் விரற்கடை ரோமம் ஆட்டுக்குப் பெரிய துணை.

கைக்கத்தரி இரண்டு அலகும் பின்னால் வில்லாக வளைந்த ஒரே இரும்பும் கொண்டது. உள்ளங்கையில் அழுத்தினால் மூடும், விட்டால் தானே திறக்கும். வெளிப்புறச் சரிவை மட்டும் தீட்டுங்கள். உள்பக்கத்தைத் தொட்டால் இரண்டு அலகும் ஒட்டி வெட்டாது. என் மாமியார் கத்தரியைக் காதருகே வைத்து ஒருமுறை மூடிப் பார்ப்பார். கரகரவென்றால் உடனே துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். நானும் அப்படித்தான் செய்கிறேன். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளி சுடுநீர், துணி, தீட்டுகல், எண்ணெய், காயத்துக்கு அடிக்கும் மருந்து ஸ்ப்ரே இவ்வளவும் இருக்க வேண்டும். அடி மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஆடு எந்தப் பக்கம் திமிறப் போகிறது என்பது உங்கள் காலுக்குத்தான் முதலில் தெரியும். கனத்த பூட்ஸில் அது தெரியாது.

கத்தரிப்பது

ஆட்டை ரோமத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். தோலுக்கடியில் இரத்தம் கட்டிவிடும். இளம் ஆட்டைக் கொம்பைப் பிடித்தும் இழுக்கக் கூடாது, முறிந்துவிடும். இடது கையைத் தாடைக்கடியில் கொடுத்து, தலையை அதன் விலாப் பக்கம் திருப்புங்கள். வலது கையால் இடுப்பைப் பிடித்து ஓர் அடி பின்னால் வைத்தால் ஆடு தானாக உட்கார்ந்துவிடும். முதுகு உங்கள் முழங்காலில் சாய்ந்து, நாலு காலும் தரையில் படாமல் இருக்க வேண்டும். குளம்பு தரையைத் தொட்டால் போதும், எழுந்துவிடும். சரியாகச் சாய்ந்த ஆடு கையைக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கும். அது திமிறிக்கொண்டே இருந்தால் நீங்கள் பிடித்த விதம் சரியில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்கார வையுங்கள்.

முதலில் நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை. வயிற்று ரோமம் அழுக்கும் சிக்குமாக இருக்கும். அதைத் தனியே எடுத்துப் போட்டுவிடுங்கள். மடிக்கு அருகே வந்ததும் இடது உள்ளங்கையால் காம்பு இரண்டையும் மூடிக்கொள்ளுங்கள். காம்பு அறுந்தால் அடுத்த ஆண்டுக் குட்டிக்குப் பால் இல்லை. கிடாவாக இருந்தால் குறியின் நுனியை அதே மாதிரி மூட வேண்டும். அப்புறம் பின்னங்கால்களின் உள்பக்கம், அதன் பிறகு இடது தொடையின் வெளிப்பக்கம், வால் வரை. தொடையும் விலாவும் சேரும் குழியில் இடது கை முஷ்டியால் அழுத்தினால் மடங்கிய கால் நீண்டு, தோல் இழுபட்டு நிற்கும்.

இந்தத் தோல் விஷயத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காயங்கள் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன. கசங்கிய துணியில் கத்தரி ஓட்டினால் மடிப்பும் சேர்ந்து வெட்டுப்படும் அல்லவா, ஆட்டுத் தோலும் அப்படியே. அக்குள், விலா, தொண்டை மூன்றும் தோல் தொளதொளவென்று இருக்கும் இடங்கள். இடது கை எப்போதும் கத்தரிக்கு முன்னால் போய்த் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். வலது கை பின்னால் வர வேண்டும். கீழ் அலகு தோலில் படுத்தபடி நகரட்டும், நுனி கீழ்நோக்கிக் குத்தக் கூடாது. அகலமாகத் திறந்து வெட்ட வேண்டாம். சின்னச் சின்னதாக, நிறுத்தாமல். விட்டுப்போன ரோமத்தை மறுபடி போய் நறுக்காதீர்கள். அந்தத் துண்டு ரோமம் நூற்க உதவாது, நல்ல கம்பளியோடு கலந்து அதன் தரத்தையும் கெடுக்கும்.

இனி தலையைப் பின்னால் சாய்த்து, நெஞ்சிலிருந்து தாடை வரை தொண்டையைத் திறந்துவிடுங்கள். கழுத்தின் இடப்பக்கம், காதுக்குக் கீழே, இடது தோள் என்று இறங்குங்கள். காது எங்கே இருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போங்கள். தோள் முடிந்ததும் ஆட்டை வலப்பக்கமாக மெதுவாகப் படுக்க வைத்து, வாலிலிருந்து தலை வரை நீளவாக்கில் முதுகெலும்பைத் தாண்டும் வரை வெட்டிக்கொண்டு போங்கள். இங்கேதான் ரோமம் போர்வையாகச் சரிந்து விழும். அடியில் பால் வெள்ளையாக ஆடு தெரியும். எனக்குப் பிடித்த கட்டம் இது. பிறகு தலையைத் தூக்கி உட்கார வைத்து, வலது கழுத்து, வலது தோள், விலா என்று இறங்கி வலது தொடையில் முடியுங்கள். குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பு கத்தரிக்குத் தப்ப வேண்டும். அது அறுந்தால் ஆடு நடக்காது.

ஊரில் வயதானவர்கள் ஆட்டை உட்கார வைக்காமல், மூன்று காலை மெத்தென்ற கயிற்றால் கட்டிப் பக்கவாட்டில் படுக்க வைத்துக் கத்தரிப்பார்கள். முதுகு வலிக்காது, புதியவர்களுக்கும் எளிது. மாமியார் எனக்கு முதலில் காட்டியதும் இதுதான். ஆனால் வேலை நீண்டால் ஆட்டுக்கு வயிறு உப்பும். இடையில் அவிழ்த்து நிற்க விடுங்கள்.

சின்னக் கீறலுக்கு ஸ்ப்ரே போதும். சதை தெரிந்தால் தையல் போட வேண்டும், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கட்டி உடைந்து சீழ் வடியும் ஆட்டைக் கடைசியாக வையுங்கள். அந்தக் கத்தரியைக் கழுவாமல் அடுத்த ஆட்டில் வைத்தால் நோய் கூடவே போகும். ரோமம் கொட்டி, ஆடு சுவரில் தேய்த்துக்கொண்டே நின்றால் சொறியாக இருக்கலாம். ஸ்காட்லாந்தில் செம்மறிச் சொறி என்று சந்தேகம் வந்தாலே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அக்கம் பக்கத்தாருக்கும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஒரே மேய்ச்சல் அல்லவா. குட்டிகளின் வாயில் புண் இருந்தால் கையுறை போடுங்கள், அது மனிதருக்கும் தொற்றும். வீட்டுக்கு வந்ததும் உங்கள் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். இங்கே லைம் நோய் உண்டு.

கம்பளியைச் சுருட்டுவது

சுத்தமான பலகையில் வெட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி போர்வையை விரியுங்கள். சாணி ஒட்டியது, ஹெதர் குச்சி எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுங்கள். இரு பக்கத்தையும் நடுவுக்கு மடித்து, வால் பக்கத்திலிருந்து கழுத்து நோக்கி இறுக்கிச் சுருட்டி, கழுத்து ரோமத்தை உள்ளே செருகிவிடுங்கள். பிளாஸ்டிக் கயிற்றால் கட்டாதீர்கள். அதன் ஒரு இழை கலந்தாலும் ஆலையில் தொல்லை. வெள்ளை ஆடுகளை முதலில் முடித்து, கறுப்பு, பழுப்பு ஆடுகளைக் கடைசியில் எடுத்தால் நிறம் கலக்காது.

நாலு ஆட்டுக்கு மேல் இருந்தால் பிரிட்டிஷ் வூலில் பதிந்துகொள்ள வேண்டும். 1950-ல் தொடங்கிய விவசாயிகளின் கம்பளி விற்பனை அமைப்பு அது. சாக்கும் அவர்களே தருவார்கள், தரம் பிரித்துப் பணம் அனுப்புவார்கள். இந்தத் தீவின் பேர் சொல்லும் ஹாரிஸ் ட்வீட் துணிக்கு நம் ஆட்டுக் கம்பளிதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. 1993-ம் ஆண்டுச் சட்டப்படி புதுக் கம்பளிக்கு இந்தத் தீவுகளில் சாயமேற்றி, நூற்று, தீவுவாசி தன் வீட்டுத் தறியில் கையால் நெய்து, இங்கேயே பக்குவம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் மென்மையான செவியட் இன ஆட்டின் கம்பளியைத்தான் கேட்பார்கள். வயிற்று ரோமத்தையும் சாணி ஒட்டியதையும் நான் உருளைக்கிழங்குப் பாத்தியில் போட்டு மண் மூடிவிடுவேன். ஈரம் காக்கும், மெல்ல மெல்ல உரமாகும்.

விடுவதற்கு முன்

ஈக்கும் உண்ணிக்கும் முதுகில் ஊற்றும் மருந்தைப் பட்டியிலேயே முடித்துவிடலாம். ஆனால் கத்தரித்த உடனே ஊற்றலாமா, சில நாள் பொறுக்க வேண்டுமா என்பது மருந்துக்கு மருந்து மாறும், டப்பாவைப் படியுங்கள். கால் குளம்பைப் பாருங்கள். மருந்துப் பதிவேட்டில் அன்றே எழுதிவிடுங்கள்.

தாயையும் குட்டியையும் சேர்த்து, பட்டிக்குப் பக்கத்து வயலில் குறைந்தது ஒரு மணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும். ரோமம் போன தாயைக் குட்டிக்கு அடையாளம் தெரியாது. குரல் கேட்டு ஓடிவந்து, ஆளைப் பார்த்து மிரண்டு திரும்பிப் போகும். தாய்தான் பின்னாலேயே போய் வாலடியில் மோந்து பார்த்து நிற்க வைக்கும். எல்லாக் குட்டியும் மடி தேடிச் சேர்ந்த பிறகு மேட்டுக்கு விடுங்கள். அதற்குள் கனத்த மழை வரும் போலிருந்தால் அன்று ராத்திரி சுவர் மறைவுள்ள கீழ் வயலிலேயே இருக்கட்டும்.

ஊர் முழுக்கத் தேடினாலும் சில ஆடுகள் தப்பிவிடும். ஆகஸ்டில் குட்டிகளைச் சந்தைக்குப் பிரிக்க மறுபடி ஓட்டும்போது அவை ரோமத்தோடு வந்து நிற்கும். அன்று கத்தரியையும் எண்ணெயையும் கையோடு எடுத்துப் போங்கள். அடுத்த வீட்டு ஆடு ரோமத்தோடு உங்கள் கண்ணில் பட்டால் அவருக்கு ஒரு போன் போடுங்கள். அவர் வர முடியாவிட்டால் நீங்களே கத்தரித்து, அவர் சாயத்தைப் போட்டு, கம்பளியை அவர் வாசலில் வைத்துவிடலாம்.